அரண்மனைக் கல்தொட்டியும் குளத்து வெந்நீரும்

முன்பொரு காலத்தில், மார்கழி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை காலையில், ஆற்றங்கரைத் தலைநகரம் ஒன்றின் கடைவீதிக் கஞ்சிச் சாலையில், அரசர் கையில் வாங்கிய கஞ்சியில் அவருடைய மீசை தெரிந்தது.

அந்த நாட்டின் பெயர் மறந்துபோய்விட்டது. அங்கே கஞ்சிச் சாலை நடந்த விதம் மட்டும் இன்னும் சொல்லப்படுகிறது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை இருக்கும். உலைக்கு அரிசி களையும்போது வீட்டுப் பெண் ஒரு பிடி அள்ளி அந்தப் பானையில் போடுவாள். அதற்குப் பிடியரிசி என்று பெயர். பெரிய வீட்டுக்காரர்கள் பிடிக்குப் பதிலாக மரக்காலில் அளந்து கொடுக்க வேண்டும். வியாழன்தோறும் மணி கட்டிய வண்டி தெருத்தெருவாக வந்து பானைகளைக் கவிழ்த்துக்கொண்டு போகும். வண்டிக்காரன் பானைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த வாரம் ஏன் குறைந்தது என்று கேட்பதுமில்லை. அந்த அரிசிதான் கஞ்சியாகி, வேலை இல்லாதவர், நோயில் படுத்தவர், பிழைப்பு முறிந்தவர் எல்லோருக்கும் போகும். மார்கழி முதல் வெள்ளியன்று அரசர் நேரில் வந்து முதல் அகப்பைக் கஞ்சியைக் குடிப்பது அந்த ஊர் வழக்கம்.

அரசர் மண்குவளையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மீசை இடதுபக்கம் கொஞ்சம் கோணலாக இருந்தது. கஞ்சியில் பார்த்தே அதைச் சரிசெய்துகொண்டார்.

"இது கஞ்சியா, கண்ணாடியா?" என்றார்.

தலைமைச் சமையல்காரி மருதாயி அகப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அரிசி போட்டாத்தானே மகாராசா கெட்டியா வரும்? போன வருசம் வண்டி குலுங்கக் குலுங்க வந்துச்சு. இப்போ பாதிதான் வருது. தண்ணியை மட்டும் நான் எவ்வளவு வேணாலும் கொதிக்க வைப்பேன்."

"ஏன் பாதி? இந்த ஆண்டு விளைச்சல் குறைவில்லையே."

மருதாயி பதில் சொல்வதற்குள் பண்டாரத் தலைவர் அளகேசர் குறுக்கே வந்தார். நாட்டின் நெல்லுக்கும் பொன்னுக்கும் அவர்தான் பொறுப்பு. "அரசே, காரணம் தங்கள் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது," என்று கடைவீதிப் பந்தலைக் காட்டினார்.

பந்தலில் கல்நாட்டார் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே கல்நாட்டில் மூன்று ஆண்டாக மழை இல்லை. அங்கிருந்து கிணறு வெட்டவும் கல் உடைக்கவும் வேலை தேடி வந்தவர்கள் அவர்கள். ஆணும் பெண்ணும் தோளில் கறுப்புக் கம்பளி போட்டிருப்பதால் எத்தனை கூட்டத்திலும் தனியாகத் தெரிவார்கள்.

"நம் மக்கள் நம் மக்களுக்காகப் பிடியரிசி போட்டார்கள்," என்றார் அளகேசர். "குடிப்பவர்கள் எல்லாம் வெளியூரார் என்று தெரிந்தபின் பிடி சுருங்குகிறது. அவர்கள்மேல் தவறு இல்லை. இந்த வழக்கத்தையே எடுத்துவிட்டால் நல்லது."

அளகேசர் இதை வேண்டுமென்றே புனைந்து சொல்லவில்லை. தினமும் பல்லக்கில் கடைவீதி வழியாகத்தான் அரண்மனைக்கு வருவார். தினமும் அந்தப் பந்தலில் கறுப்புக் கம்பளிகளைத்தான் பார்ப்பார். ஊரிலேயே அதிக மரக்கால் அளக்க வேண்டியது அவருடைய வீடு என்பதும் உண்மை.

அரசருக்கு எதையும் உடனே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "பத்துப் பேர் இங்கே கஞ்சி குடித்தால், அதில் கல்நாட்டார் எத்தனை பேர்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்."

கோட்டைக் காவல் தலைவர் சிங்கமுத்து எட்டு என்றார். அரண்மனைச் சோதிடர் கண்ணை மூடித் திறந்து, எட்டரை என்றார். அளகேசர், "ஒன்பது பேர், அரசே. பத்தாவது ஆள் அவர்களுக்கு வழிகாட்டிக் கூட்டி வந்தவன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியாக அரசர் ஐயாறனைப் பார்த்தார். ஐயாறன் அரசவை விகடன். அரசர் அவன் பேச்சைக் கேட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்கு எழுவார் என்பதால், அவனைப் பிடிக்காதவர்கள் சபையில் நிறைய இருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது, அரசே," என்றான் ஐயாறன்.

"தெரியாது என்று சொல்லவா உனக்கு அரண்மனைச் சோறு?"

"தெரியும் என்று சொல்ல இத்தனை பேருக்குச் சோறு போடுகிறீர்கள். தெரியாது என்று சொல்ல ஒருவனுக்காவது போட வேண்டாமா?"

அரசர் சிரிக்கப் போனார். அதற்குள் அளகேசர் குனிந்து, "தெரியாதவருக்குத் தெரிய ஒரு வழி இருக்கிறது, அரசே," என்று தொடங்கினார்.

அவர் சொன்ன வழி அரசருக்குப் பிடித்துவிட்டது. உத்தரவு அங்கேயே பிறந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் கல்நாட்டார் யாருக்கும் கஞ்சி கிடையாது. அரிசி வழக்கம்போல வேக வேண்டும். கல்நாட்டார் குடிக்கக்கூடிய கஞ்சி அத்தனையும் அரண்மனை யானைக் கொட்டடியில் இருக்கும் கல்தொட்டிக்கு வர வேண்டும். தொட்டி விளிம்பு வரை நிரம்ப வேண்டும். இதற்குப் பொறுப்பு ஐயாறன்.

"நிரம்பினால்?" என்று கேட்டான் ஐயாறன்.

"நிரம்பினால் கஞ்சி வெளியூராருக்குத்தான் போகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். பிடியரிசியை எடுத்துவிடுவேன்."

"நிரம்பாவிட்டால்?"

அரசருக்கு முன்பாக அளகேசர் பதில் சொன்னார். "நிரம்பாவிட்டால், தாங்கள் கல்நாட்டாரைத் திருட்டுத்தனமாக உள்ளே விட்டீர்கள் என்று பொருள். பிறகு அவர்களோடு தாங்களும் மேற்கு வாசல் வழியாகக் கல்நாட்டுக்குப் போகலாம். அங்கேயும் விகடத்துக்குத் தேவை இருக்கும்."

அரசர் தலையை ஆட்டினார். தொட்டி நிரம்பினால் கஞ்சிச் சாலை மூடும்; நிரம்பாவிட்டால் ஐயாறன் ஊரைவிட்டுப் போக வேண்டும். யானைத் தொட்டி எவ்வளவு பெரியது என்பது ஐயாறனுக்குத் தெரியும். போன வைகாசியில் அதற்குள் தவறி விழுந்த பாகன் நீந்தித்தான் வெளியே வந்தான்.

ஐயாறன் வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி தையல்நாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். பிடியரிசிப் பானையில் அவள் போட்டதைப் பார்த்தான். மூன்று விரலால் கிள்ளிப் போட்டாள்.

"பிடி எங்கே போச்சு?" என்றான்.

"விரல் இருக்குல்ல, அது போதும்."

"முன்னெல்லாம் கை நிறைய அள்ளுவே."

"முன்னெல்லாம் நம்ம ஊரு ஏழை குடிச்சான். இப்போ யாரு குடிக்கிறா? கடைவீதிப் பக்கம் போய்ப் பாருங்க. பூரா கறுப்புக் கம்பளி. நம்ம ஆளு ஒருத்தன் உண்டா?"

சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த உலகம்மை இதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள். அவள் கணவன் படகோட்டி. ஆவணியில் படகு மோதிக் கால் முறிந்ததிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான்.

"தையலு சொல்றது சத்தியமான பேச்சு அண்ணே," என்றாள். "அதுகளுக்குக் கஞ்சி ஊத்துறதுக்கு நாம வாயைக் கட்டணுமா? நான் பிடியரிசி போடுறதையே நிறுத்திட்டேன்."

"உன் வீட்டுல உலை வைக்கவே அரிசி இருக்கான்னு கேட்கணும்னு நெனச்சேன், உலகம்மா."

"எங்களுக்கு என்ன குறை? ஆண்டவன் புண்ணியத்துல மூணு வேளையும் நடக்குது." அவள் துணியை ஓங்கி அடித்தாள்.

ஐயாறன் அன்று இரவெல்லாம் யோசித்துப் பார்த்தான். யானைத் தொட்டியைவிட இன்னொரு விஷயம்தான் அவனை உறுத்தியது. கிணறு வெட்டும் கூட்டம் ஒன்று இத்தனை கொப்பரைக் கஞ்சியை எந்த வயிற்றில் வைத்துக்கொள்கிறது? கஞ்சி எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. குடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அவன் கஞ்சியின் பின்னாலேயே போவது என்று முடிவு செய்தான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே கஞ்சிச் சாலைக்குப் போய், அடுப்புக்கு எதிரே விறகுக் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"என்ன சாமி, குளிர் காயவா?" என்றாள் மருதாயி.

"கஞ்சி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்க வந்தேன்."

மருதாயியின் முகம் மாறியது. "எந்தப் பக்கமோ போகுது. எல்லாத்தையும் பார்த்துத்தான் ஆகணுமா?"

அவன் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கொப்பரையை இரண்டு ஆட்கள் மூங்கிலில் தூக்கிக்கொண்டு கடைவீதிப் பந்தலுக்குப் போனார்கள். மற்றக் கொப்பரைகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவை பின்கட்டுக்குப் போயின. பின்கட்டில் சாம்பலும் கழுநீரும் கொட்டுவதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு. சாம்பல் வாசல் என்பார்கள். அது பெரிய குளத்தின் கரையில் திறக்கும்.

அந்த வாசலில் பெண்கள் நின்றார்கள். முந்தானையால் தலையை மூடி, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு, குளத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்தவர்களைப் போலவே இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முறை வந்தவள் குடத்தை நீட்டுவாள். மருதாயியின் ஆள் ஊற்றுவான். அவள் குடத்தின் வாயில் ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டு, தண்ணீர் சுமக்கிறவள் நடையிலேயே கரையோரம் நடந்து போய்விடுவாள்.

வரிசை முடிகிற மாதிரித் தெரியவில்லை. நெசவுத் தெரு, படகுத் தெரு, கோவிலுக்குப் பின்னால் இருக்கும் மடைப்பள்ளிச் சந்து, எல்லாத் திசைக்கும் குடங்கள் போயின.

இலையை மூடிவிட்டுத் திரும்பிய ஒருத்தி ஐயாறன் மேல் மோதிக்கொண்டாள். முந்தானை நழுவியது. உலகம்மை.

"தண்ணி எடுக்க வந்தேன் அண்ணே," என்றாள் அவள்.

மோதியபோது குடம் அவன் முழங்கையில் பட்டிருந்தது. அந்த இடம் இன்னும் சுட்டது. "தண்ணி சூடா இருக்கே, உலகம்மா."

அவள் குடத்தை மறுபக்க இடுப்புக்கு மாற்றினாள். "மார்கழில நம்ம குளம் அப்படித்தான். வெந்நீரா ஊறும்." பிறகு குரல் இறங்கியது. "அவரு கால் சரியாகுற வரைக்கும்தான் அண்ணே. இந்த ஊருல வேற யாருக்கும் இந்த நெலைமை இல்ல. எனக்குத்தான் இப்படி. தையலுக்குத் தெரிஞ்சா நான் அந்தச் சுவத்துப் பக்கம் நிக்க முடியாது."

"வேற யாருக்கும் இல்லையா? உனக்குப் பின்னால நிக்கிறாங்களே."

"அவங்க தண்ணிக்கு வந்தவங்களா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை என்பதை ஐயாறன் கவனித்தான். அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை. அங்கே யாருமே திரும்பிப் பார்ப்பதில்லை.

"எத்தனை வருசமா இப்படி?" என்று மருதாயியிடம் கேட்டான்.

"நான் இந்த அகப்பையைத் தொட்ட நாள்ல இருந்து. எனக்கு முன்னால இருந்தவளும் இப்படித்தான் ஊத்தினா. சபையில போய் அவிழ்த்து விட்டுடாதீங்க சாமி. நாளைக்கு ஒருத்தியும் வரமாட்டா. பிள்ளைங்க பட்டினி கிடக்கும்."

"நான் யார் பேரையும் சொல்லமாட்டேன்," என்றான் ஐயாறன். சொன்ன பிறகுதான், தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை அந்த வாக்கால் கட்டிப்போட்டுவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது.

வியாழக்கிழமை மாலையில் அவன் ஊருக்கு மேற்கே கல்நாட்டார் தங்கியிருந்த புளியந்தோப்புக்குப் போனான். கிணறு வெட்டும் குழுவின் தலைவன் கெங்கப்பன் கடப்பாரை முனையைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் கஞ்சிச் சாலைக்கு வராதீர்கள். அரச உத்தரவு," என்றான் ஐயாறன்.

கெங்கப்பன் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. "ஏனுங்க சாமி, நாங்க ஏதாச்சும் தப்புத்தண்டா பண்ணிப் போட்டமுங்களா?"

"வெளிச்சத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தீர்கள்."

"எங்களுக்கு ஊடு ஏதுங்க, கொண்டு போயிக் குடிக்க? குடமும் இல்லீங்க." கெங்கப்பன் கொஞ்சம் யோசித்தான். "ஒரு நாள்தானுங்களே. மூணு வருசம் பார்த்தாச்சு. நாளானிக்கு எப்படிங்க?"

"நாளை மறுநாள் ஒன்று நீங்கள் மறுபடி பந்தலில் இருப்பீர்கள், இல்லையென்றால் நானும் உங்களோடு மேற்கே நடப்பேன். அது போகட்டும். நாளைக் காலையில் எல்லோரும் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். ஒருவர் விடாமல்."

தையல்நாயகி இதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே போட்டாள். "கஞ்சி குடிக்கிறவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேரைக் கூப்பிட்டுட்டு வந்து நிக்கிறீங்களே, முற்றம் தாங்குமா? எங்கிட்ட இருக்கிறதே ரெண்டு பானை."

"வர்றவங்க வரட்டும். பத்தலேன்னா நான்தான் ஊரைவிட்டே போறேனே, என் பங்கையும் குடு."

வெள்ளிக்கிழமை விடிந்தது. சிங்கமுத்துவின் காவலர்கள் கடைவீதிப் பந்தலைச் சுற்றி ஈட்டியோடு நின்றார்கள். கறுப்புக் கம்பளி ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. பந்தலுக்கு வந்தவர்கள் சில சுமைகூலிகளும் ஒரு பரதேசியும்தான். சாம்பல் வாசலில் காவல் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு வாசல் இருப்பது சபையில் ஐயாறனைத் தவிர யாருக்கும் தெரியாது.

உச்சிவேளையில் அரசர் யானைக் கொட்டடிக்கு வந்தார். சபை முழுவதும் கூடவே வந்திருந்தது. பட்டத்து யானை தொட்டிக்கு அருகில் ஆவலோடு துதிக்கையை ஆட்டியது.

ஐயாறன் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தான். மூங்கிலில் தொங்கியது அந்த ஒரு கொப்பரை. அதிலும் சுமைகூலிகளுக்கு ஊற்றியது போக மீதி. அதைத் தொட்டியில் கவிழ்த்தார்கள். கஞ்சி கல்லின் அடியில் பரவி, ஒரு மூலைக்கு ஓடி, அங்கேயே நின்றுவிட்டது. யானை துதிக்கையை விட்டுத் தடவிப் பார்த்து, வெளியே எடுத்து, பாகனைப் பார்த்தது.

அளகேசர் கைகளைக் கட்டிக்கொண்டார். "மற்றது எங்கே?"

"இவ்வளவுதான்."

"கேட்டீர்களா, அரசே? கல்நாட்டாரை வேறு வழியில் உள்ளே விட்டிருக்கிறார்."

"கல்நாட்டார் காலையிலிருந்து என் வீட்டு முற்றத்தில் இருக்கிறார்கள்," என்றான் ஐயாறன். "காவல் தலைவர் ஆள் அனுப்பிப் பார்க்கலாம்."

சிங்கமுத்து கொஞ்சம் நெளிந்தார். "ஆள் அனுப்பியிருந்தேன், அரசே. இருக்கிறார்கள்."

"எல்லோருமா?"

"புளியந்தோப்பு காலியாக இருக்கிறது. எல்லோரும் முற்றத்தில்தான். ஒரு பக்கம் ஆடு கட்டவும் இடம் இருந்தது."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அரசர் தொட்டியின் அடியைப் பார்த்தார். "ஐயாறா, என் உத்தரவு தொட்டி நிரம்ப வேண்டும் என்பது."

"நினைவிருக்கிறது, அரசே. கல்நாட்டார் குடிக்கும் கஞ்சியால் நிரம்ப வேண்டும் என்பது உத்தரவு. நான் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கொண்டுவந்துவிட்டேன். தொட்டி நிரம்பாதது கல்நாட்டாரின் குற்றம். அவர்கள் போதிய அளவு வரவில்லை." ஐயாறன் கைகூப்பினான். "உத்தரவு வீண்போகக் கூடாது. அதனால் ஒரு வேண்டுகோள். பண்டாரத் தலைவரை இன்றே கல்நாட்டுக்கு அனுப்பி வையுங்கள். அங்கே வீடு வீடாகப் போய்ப் பேசி, இன்னும் நிறையப் பேரை அழைத்து வரட்டும். அவர் சொன்ன பத்துக்கு ஒன்பது வரும்வரை அழைத்து வரட்டும். பிறகு தொட்டி நிச்சயம் நிரம்பும்."

அரசரின் மீசை துடித்தது. அடக்கிக்கொண்டார். அளகேசரின் முகம் சிவந்தது.

"விளையாட்டு இருக்கட்டும்," என்றார் அளகேசர். "அரிசி வழக்கம்போல வெந்தது. கல்நாட்டார் குடித்தது இவ்வளவுதான் என்றால் மற்றக் கொப்பரைகளைக் குடித்தது யார்? அவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தட்டும். இல்லையென்றால் விற்றுவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும்."

கேள்வி நியாயமானது. அரசரும் சிரிப்பை விட்டுவிட்டார். "யார் குடித்தது, ஐயாறா?"

"சொல்ல முடியாது, அரசே."

"தெரியாதா, சொல்ல மாட்டாயா?"

"போன வாரம் தெரியாது என்றேன். இந்த வாரம் தெரியும். சொல்ல மாட்டேன்."

அப்படி ஒரு பதிலை அந்தச் சபை கேட்டதில்லை. ஐயாறன் மேற்கு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு, "வேறொரு செய்தி வேண்டுமானால் சொல்கிறேன்," என்றான். "நம் பெரிய குளத்தில் மார்கழியில் வெந்நீர் ஊறுகிறது. நாளை விடியும்போது அரசர் யானைமேல் ஏறி எதிர்க்கரை மேட்டில் நின்று பார்க்க வேண்டும். கீழே இறங்கக் கூடாது. யாரையும் கூப்பிடக் கூடாது. பார்த்த பிறகு என்னை அனுப்புவதானால் அனுப்பலாம்."

அரசரின் முகத்தில் ஆர்வம் ஏறியது. குளத்தில் வெந்நீர் என்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

மறுநாள் நல்ல குளிர். மேட்டின்மேல் யானையில் அரசரும் அவருக்குப் பின்னால் ஐயாறனும் இருந்தார்கள். பக்கத்தில் பல்லக்கிலிருந்து தலையை நீட்டி அளகேசர். கிழக்கு வெளுத்ததும் அந்தக் கரையில் பெண்கள் குடத்தோடு நடப்பது தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. குடங்கள் மட்டும் தெரிந்தன.

முதலில் இரண்டு குடங்கள் போயின. அவை வெறும் தண்ணீர்க் குடங்கள். அடுத்த குடத்திலிருந்து மெல்லிய ஆவி எழுந்து, போகிறவளின் தோளுக்குமேல் கலைந்தது. அதற்கடுத்த குடத்திலும் ஆவி. பிறகு வரிசை முழுவதும் ஆவி விட்டுக்கொண்டே போனது. கரை நெடுக வெள்ளையாகப் புகைந்தது. சில குடங்கள் நெசவுத் தெருவுக்குள் திரும்பின. சில படகுத் தெருவுக்குள். சில, அளகேசரின் மாளிகைக்குப் பின்னால் அவருடைய களஞ்சியத்தில் நெல் தூக்குகிறவர்கள் குடியிருக்கும் சந்துக்குள் போயின.

வரிசை எங்கே தொடங்குகிறது என்று அரசர் கண் தேடிப் போய், சாம்பல் வாசலில் வந்து நின்றது.

"ஏன் மூடி எடுத்துப் போகிறார்கள்?" என்றார் மெதுவாக.

"வீடு இருக்கிறது, குடம் இருக்கிறது, பக்கத்து வீடும் இருக்கிறது, அரசே. கல்நாட்டாருக்கு இவை ஒன்றும் இல்லை. அதனால் கடைவீதியில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். நாம் பார்ப்பது அவர்களை மட்டும்தான். இந்தக் குடம் சுமக்கிறவர்களும் அவர்களைத்தான் பார்க்கிறார்கள்."

"எனக்கு ஒன்றும் தெரியவில்லை," என்றார் அரசர். "குளத்தில் வெந்நீர் ஊறுவது மட்டும் தெரிகிறது."

அளகேசர் பல்லக்கிலிருந்து இறங்கிவிட்டார். அவர் கண்கள் விரிந்திருந்தன. "அதிசயம், அரசே. நான் நம்பவில்லை. ஊற்று அரசுக்குச் சொந்தம். குடத்துக்கு ஒரு காசு வாங்கினாலும் மார்கழி முடிவதற்குள் பண்டாரம்—"

அரசர் சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. யானை என்னவோ ஏதோவென்று நாலடி பின்னால் நகர்ந்தது. ஐயாறன் அம்பாரியைப் பிடித்துக்கொண்டான்.

"அளகேசரே," என்றார் அரசர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இது அரிசி போட்டால்தான் ஊறும் ஊற்று. உங்கள் வீட்டிலிருந்து வாரத்துக்கு இன்னும் இரண்டு மரக்கால் போடுங்கள். வற்றிவிடப் போகிறது."

அன்று சபையில் அரசர் தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை ஐயாறனுக்குப் போர்த்தினார். வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். ஐயாறன் இரண்டு கேட்டான். கல்நாட்டார் மறுபடி கஞ்சிச் சாலைக்கு வர வேண்டும். கடைவீதிப் பந்தலைச் சுற்றித் தென்னங்கீற்றால் ஒரு தட்டி கட்ட வேண்டும்.

"தட்டி எதற்கு?"

"அவர்களும் மறைவாகக் குடிக்கட்டும், அரசே."

அரசர் இரண்டையும் கொடுத்தார். கூடவே தாமாக ஒன்று செய்தார். கல்தொட்டியைக் கடைவீதி நடுவில் கொண்டுவந்து வைத்து, கல்நாட்டாரின் ஒரு நாள் கஞ்சி அதில் எவ்வளவு நின்றதோ அந்த அளவுக்குச் சுண்ணாம்பால் கோடு போடச் சொன்னார். ஊர் வந்து பார்த்தது. சிலர் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். சிலர் தொட்டியில் ஓட்டை இருக்கும் என்றார்கள். ஒருவர் உள்ளே இறங்கித் தடவிப் பார்த்தார். ஓட்டை இல்லை.

தையல்நாயகி பார்க்கப் போகவில்லை. அவளுடைய முற்றத்தில் கல்நாட்டார் அத்தனை பேரும் உட்கார்ந்த இடம் எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை அரிசி களையும்போது கை நிறைய அள்ளிப் பானையில் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் உலகம்மை துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தையலு, திரும்பவும் பிடியா?"

"ஆமா. குளத்து வெந்நீர் நல்லதுன்னு சொல்றாங்க. அதுக்குத்தான்."

உலகம்மை துணியைப் பிழிந்தாள். "அவருக்குக் கால் ஊன வருது," என்றாள். "சம்பாத்தியம் வந்ததும் நானும் போடணும்."

தை மாதத்து முதல் வியாழனன்று வண்டி முக்கால்வாசி நிறைந்து வந்தது. மறுநாள் அரசர் சொல்லாமல் வந்து ஒரு குவளை வாங்கிக் குடித்தார். மீசை தெரியவில்லை.

அன்று ஐயாறன் கடைவீதியில் நின்றவர்களிடம் அரசரின் பழைய கேள்வியைக் கேட்டான். தட்டிக்குப் பின்னால் இருந்த பந்தலுக்கு அன்றும் அதே ஒரு கொப்பரைதான் போயிருந்தது. பத்துக்கு நாலு பேர் கல்நாட்டாராக இருக்கும் என்றார்கள்.